கடைசிச் சுற்றில் காத்திருக்கும் இடம்



சுவாமி சகஜானந்தரை நினைத்து இந்த நகரியத்தில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து சிதம்பரம் ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். 1916இல் அங்கே அவர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார ஓர் இடம் பெறுவதே போராட்டமாக இருந்தது. 1959இல் மறையும்வரை அந்த இடத்துக்காகவே அவர் உழைத்தார். நந்தனார் கோயில் வாசலில் நின்ற ஊரில், நந்தனாரின் பெயரால் பள்ளி வாசலைத் திறந்து வைத்தார்.

நூறாண்டு கடந்த பிறகு நாம் பேச வேண்டிய செய்தி வேறாக இருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் கல்லூரி இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. நம்மை வெளியே நிறுத்தியவர்களின் வாரிசுகள் கல்லூரி கட்டிவிட்டு, நம் சேரிக்கே வண்டி அனுப்பி, 'வாருங்கள், இடம் இருக்கிறது' என்று அழைக்கிறார்கள். இது நமக்குக் கிடைத்த வெற்றியா என்பதுதான் இன்றைய கேள்வி. எந்த இடம் நமக்காகக் காத்திருக்கிறது, அது ஏன் காலியாக இருந்தது, அதை நாம் நிரப்பினால் யாருக்கு லாபம் என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் இந்த நகரியத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு உட்காருகிறோம். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட, கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த, சான்றிதழ்களைப் பதிவேற்ற உதவுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுரங்க ஒப்பந்தத் தொழிலாளி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் வழவழப்பான ஒரு கல்லூரிக் கையேடு. "சார், ஒரு தம்பி வீட்டுக்கே வந்தாரு. ஃபீஸ் ஒரு பைசா கட்ட வேணாம், ஸ்காலர்ஷிப்பை நாங்களே பாத்துக்குறோம், பஸ் ஃப்ரீ, லேப்டாப் தர்றோம்னு சொன்னாரு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கேட்டாரு, கொடுத்துட்டேன்" என்றார்.

அந்தப் பெண்ணின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பார்த்தோம். அரசு பொறியியல் கல்லூரி ஒன்றில், அவள் கேட்ட துறையிலேயே இடம் கிடைத்திருக்கும். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சான்றிதழைத் திரும்பக் கேட்கப் போனபோது ஒரு தொகையைக் கட்டச் சொன்னார்கள். அவள் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாள். அவளுக்கு ஒதுங்கக் கழிவறை இருந்தது, ஆனால் ஆய்வகத்தில் கருவிகள் இல்லை. இரண்டாம் ஆண்டில் கணிதம் நடத்த ஆசிரியர் இல்லை. நான்காம் ஆண்டின் முடிவில் அரியர் தாள்கள் மட்டும் மிஞ்சின. அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கல்லூரியைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும்.

இடம் எப்படி நிரம்புகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்டு தரவரிசை போடுகிறார்கள். நுழைவுத் தேர்வு 2007இலிருந்து இல்லை. அதை நீக்கியது கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை. 2018இலிருந்து கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைக்கிறார்கள். முதல் சுற்றில் வருகிறவர்கள் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., பழைய அரசுக் கல்லூரிகள், பெயர்பெற்ற சில தனியார் கல்லூரிகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த சுற்றில் அடுத்த அடுக்கு. கடைசிச் சுற்றில் வருகிறவர்களுக்கு, யாரும் தொடாத கல்லூரிகள். 2019இல் பொதுக் கலந்தாய்வு முடிந்தபோது, ஒற்றைச் சாளரத்தில் இருந்த ஏறத்தாழ 1,67,000 இடங்களில் பாதியளவுதான் நிரம்பியிருந்தது. அதே ஆண்டில் கிண்டியில் ஓர் இடத்துக்கு அரை மதிப்பெண் போட்டி.

ஒரு பக்கம் அரை மதிப்பெண்ணுக்குச் சண்டை, மறுபக்கம் ஈ ஓட்டும் வகுப்பறை. நடுவில் இருப்பதைத்தான் நற்பெயர் என்கிறோம். இடங்கள் நிரம்பும் வரிசையே கல்லூரிகளின் நற்பெயர் வரிசை. அந்த வரிசையில் பின்னால் இருக்கும் கல்லூரிக்கு நடப்பதைப் பாருங்கள். மாணவர் குறைந்தால் கட்டண வரவு குறைகிறது. வரவு குறைந்தால் ஆசிரியரைக் குறைக்கிறார்கள். ஆசிரியர் குறைந்தால் தேர்ச்சி விழுகிறது. தேர்ச்சி விழுந்தால் அடுத்த ஆண்டு மாணவர் இன்னும் குறைகிறார்கள். 2024இல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம், நன்றாக நடக்கும் கல்லூரிகள் தங்கள் இடங்களைக் கூட்டிக்கொள்வதற்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. பெயருள்ள கல்லூரிகள் கணினி அறிவியலில் வகுப்புகளைப் பெருக்கின. பெயரில்லாத கல்லூரிகளுக்கு வரவேண்டிய மிச்சமும் அங்கே போயிற்று. கிணறு வற்ற வற்ற வாளியின் கயிறு நீளும். அந்தக் கயிறுதான் நம் சேரிவரைக்கும் வந்திருக்கிறது.

இங்கே ஒரு நேர்மையான ஒப்புதல் வேண்டும். இடஒதுக்கீடு இந்த வரிசையை நமக்காக ஓரளவு உடைத்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009இலிருந்து அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்ற ஒதுக்கீடு கிண்டியிலும் உண்டு, கோவையிலும் உண்டு. நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்து, நன்றாகவும் இருக்கிறார்கள். 2021இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு தந்து, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவை யாரும் போட்ட பிச்சை அல்ல, போராடிப் பெற்றவை. ஆனால் கவனியுங்கள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இந்த ஒதுக்கீடு கிடையாது. தனியார் நிறுவனங்களிலும் ஒதுக்கீடு செய்ய வழிவிட்டு 2005இல் அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டம் வரவில்லை. ஆக, தனியார் துறையில் இடங்கள் தானாக நிரம்பும் பல பெரிய நிறுவனங்களில் நமக்குப் பங்கு இல்லை. இடம் நிரம்பாத இடத்தில்தான் நம்மைக் கைகூப்பி அழைக்கிறார்கள்.

கைகூப்புவது நம்மையா, நம் உதவித்தொகையையா? இதற்கு வரலாறு தெரிய வேண்டும். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவரின் கட்டாயக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்றது. நம் தோழர்கள் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆணையை நமக்கு முன்னால் வாசித்து முடித்தவர்கள், இடம் நிரம்பாத கல்லூரிகளின் தாளாளர்கள். நம் பிள்ளை ஒருவர் சேர்ந்தால் நான்காண்டுக்கு உறுதியான அரசுப் பணம். வகுப்பு நடந்தாலும் வரும், நடக்காவிட்டாலும் வரும். 2017 ஆகஸ்டில் அரசு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களை இந்தச் சலுகையிலிருந்து நீக்கியது. ஏஜென்ட்டை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த நம் பிள்ளைகளிடம் கல்லூரிகள் கட்டணம் கேட்டன. கட்ட முடியாதவர்கள் படிப்பை விட்டார்கள். தவறு செய்த கல்லூரியை விட்டுவிட்டு, ஏமாந்த மாணவரின் பணத்தை நிறுத்துவதுதான் அரசுக்குத் தெரிந்த திருத்தம்.

அம்பேத்கரும் உதவித்தொகையில் படித்தவர்தான். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை அவரை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளி. அந்தப் பணம் அவரை உலகின் சிறந்த நூலகங்களின் வாசலில் கொண்டுபோய் விட்டது. நமக்கு வரும் பணம், நூலகம் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அதே உதவித்தொகை, அதே சாதி. மாறியது இடத்தின் தரம்.

தரம் என்று சொல்லும்போது அதை எப்படி அறிவது என்ற கேள்வி வருகிறது. நற்பெயரும் தரமும் ஒன்றல்ல. தேசிய தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் கல்லூரிகளுக்கு 100க்கு மதிப்பெண் போடுகிறது. அதில் 10, வேலை தருகிறவர்களும் கல்வியாளர்களும் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. அந்த இரு கூட்டத்திலும் நம்மவர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்ந்த தரச்சான்று தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரை சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கு முடியும்போது உண்மை தெரியட்டும். பேருந்தின் முதுகில் எழுதிய 'ஏ பிளஸ் பிளஸ்' எழுத்தைப் பார்த்து மட்டும் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு செய்தியை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். பல்கலைக்கழகமே பிறகு ஆராய்ந்து, முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. யோசித்துப் பாருங்கள். ஆய்வுக்கு வரும் நாளில் பேராசிரியர் இருக்கிறார். வகுப்பு நடக்கும் நாளில் இல்லை. காகிதத்தில் நிரம்பியிருக்கும் அந்த ஆசிரியர் இடத்துக்கும், உதவித்தொகைப் பட்டியலில் நிரம்பியிருக்கும் நம் பிள்ளையின் இடத்துக்கும் ஒரே பேனாதான். இரண்டு போலிகளுக்கு நடுவில் நிஜமாக வீணாவது நம் பிள்ளையின் நான்கு ஆண்டுகள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சூழ்ச்சி அல்ல. அமெரிக்காவில் கொரிந்தியன் கல்லூரிகள் என்ற லாப நோக்கு நிறுவனம், அரசின் கல்விக் கடனை நம்பி ஏழை மாணவரைத் தேடித் தேடிச் சேர்த்தது. வேலை கிடைத்தவர்களின் கணக்கைப் பொய்யாகக் காட்டியது. 2015இல் இழுத்து மூடியது. 2022இல் அமெரிக்க அரசு அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. அங்கே கடனையாவது ரத்து செய்தார்கள். இங்கே நம் பிள்ளை இழந்த ஆண்டுகளுக்குக் கணக்கு எழுதவே ஏடு இல்லை.

இந்த இழப்பு எங்கே போய் முடிகிறது என்பதை நெய்வேலியில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் நிறுவனம் வந்தது. ஊர்கள் போயின, நிலம் போயிற்று. நிலத்தின் மேல் உழுதவர்கள் நிலத்துக்குள் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். 'நம் பிள்ளை என்ஜினியர் ஆனால் இதே சுரங்கத்தில் அதிகாரியாக வருவான்' என்பது இந்த மண்ணின் கனவு. 2022இல் 299 பட்டதாரிப் பொறியாளர் பயிற்சியிடங்களுக்கு, கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஏறக்குறைய இல்லை என்று மாநிலமே கொதித்தது. மண்ணின் மைந்தர்க்கு வேலை என்ற கோரிக்கை நியாயமானது, அதில் நாம் பின்வாங்கப் போவதில்லை. அதோடு இன்னொன்றையும் பேச வேண்டும். கணித ஆசிரியரே இல்லாத கல்லூரியில் படித்த நம் பிள்ளை, கேட் தேர்வில் யாரோடு போட்டி போடுவான்? நிலம் கொடுத்த குடும்பத்தின் பையன் பி.இ. பட்டத்தோடு அதே வாசலில் ஒப்பந்த அட்டைக்கு நிற்கிறான். அப்பாவுக்குப் பட்டம் இல்லை, மகனுக்கு இருக்கிறது. கூலி ஒன்றுதான்.

பட்டத்தின் மதிப்பு மாணவர் கையில் இல்லை என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. பல தலைமுறைகள் அதன் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டன. நிதி நெருக்கடி முற்றி, 2013இல் மாநில அரசு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. 2021இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அதோடு இணைக்கப்பட்டன. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அனுமதி இருந்தது என்று அறிவித்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று தபாலில் பட்டம் வாங்கியவர்களில் நம்மவர் எத்தனை பேர்! பல்கலைக்கழகத்துக்கும் குழுவுக்கும் நடக்கும் சச்சரவில், பதவி உயர்வுக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கியது அவர்கள்தான். நிறுவனத்தின் பெயர் கெட்டால் மேட்டுக்குடிப் பிள்ளை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். நம் பிள்ளைக்கு அந்தப் பட்டம்தான் சொத்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "அப்ப என்ன சார், எம் புள்ளைய சேக்க வேணாங்கிறீங்களா? வேற எவன் கூப்புடறான்?" இந்தக் கேள்விக்கு முன்னால் எங்கள் புள்ளிவிவரமெல்லாம் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. மோசமான கல்லூரியில் படித்தும் மேலே வந்தவர்கள் நம்மில் உண்டு, இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளைக்கு நான்காண்டு கல்லூரி என்பது நான்காண்டு கல்யாணத் தள்ளிவைப்பும்தான். அதை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. ஆகவே 'போகாதே' என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. 'கேட்டுவிட்டுப் போ' என்று சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது.

எதைக் கேட்பது? மாணவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். சென்ற ஆண்டுக் கலந்தாய்வில் அந்தக் கல்லூரியில் எந்தச் சமூகத்துக்கு எந்த மதிப்பெண்வரை இடம் போயிற்று என்று பாருங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்து, எத்தனை ஆசிரியர்கள் நிஜமாக வருகிறார்கள் என்று கேளுங்கள். அசல் சான்றிதழை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யாமல் எந்தக் கல்லூரிக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். பெயரில்லாத தனியார் பொறியியலைவிட, கடலூரிலும் விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் இருக்கும் அரசு கலைக் கல்லூரியில் ஒரு பி.எஸ்சி. மேலானதாக இருக்கலாம். அதற்குப் பெயர் இல்லை, பளபளக்கும் பேருந்து இல்லை. ஆனால் வகுப்பு நடக்கிறது.

மேல்சாதி வீட்டில் இந்தக் கேள்விகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணன் படித்திருப்பான், சித்தப்பா பேராசிரியராக இருப்பார், அமெரிக்காவில் இருக்கும் மாமா தொலைபேசியில் சொல்லிவிடுவார். நற்பெயர் என்பது பாதி, இப்படி உறவுக்குள் ஓடும் செய்திதான். முதல் தலைமுறையாகப் படிக்கிறவருக்கு அந்த மாமா இல்லை. ஆகவே இயக்கம்தான் மாமாவாக வேண்டும்.

அடுத்து அமைப்புகளுக்கு. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு கல்லூரியும் நம் மாணவரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நடுவில் போனார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்போம். பணம் மாணவரோடு போகட்டும், தரம் இல்லாத கல்லூரியிலிருந்து வேறு கல்லூரிக்கு அவர் மாறும்போது உதவித்தொகையும் கூடவே மாறட்டும். அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுவதை நிறுத்தி நிரந்தர ஆசிரியரை நியமிக்கச் சொல்வோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் ஒதுக்கீடு கேட்போம். இவை எதுவும் கல்லூரி முதலாளிகளுக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2016 ஜனவரியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மாணவிகள் மூன்று பேர் கிணற்றில் பிணமாக மிதந்தார்கள். வசதி இல்லை, கட்டணக் கொள்ளை நடக்கிறது என்று மாணவர்கள் அதற்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். கேட்க ஆள் இல்லை. தரம் என்பதை மதிப்பெண் பட்டியல் சமாச்சாரமாக நினைக்கிறவர்கள் அந்த மூன்று பெண்களை நினைத்துக்கொள்ளட்டும்.

சகஜானந்தர் இடம் வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. விடுதி கட்டினார், பிள்ளைகள் சாப்பிட்டார்களா, படித்தார்களா என்று பார்த்தார். சேர்ப்பது பாதி வேலை, உடன் நிற்பது மீதி வேலை. வரும் தேர்வு முடிவுக்குப் பிறகு நம் மேசை மறுபடி போடப்படும். சென்ற ஆண்டு நான்கு நாற்காலி இருந்தது. கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் நிஜமாக என்ன நடக்கிறது என்று வந்து சொல்லுங்கள். அடுத்த வீட்டுத் தங்கைக்கு அந்தச் செய்தி கெடு முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஜெய்பீம்.